காலித் தேர்

பெரிய மார்க்கெட்டில் இன்று சாமந்திக் கூடையின் ஈர வாசனை பட்டதும், பஞ்சு மில்லுக்குப் பின்னால் சிறுவயதில் நாங்கள் மூன்று தோழிகள் விளையாடிய திடல் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அட்டைப்பெட்டியைச் சுற்றி வாடிய சாமந்தியைக் கட்டி, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, சாயங்காலமானால் தேர் இழுப்போம். ஒருநாள் உள்ளே யாரை வைப்பது என்று சண்டை வந்துவிட்டது. ரோசி மாதா என்றாள், நான் மாரியம்மன் என்றேன்.

"சாமிக்கு உருவமே கெடையாதுடி," என்றாள் மும்தாஜ்.

விளையாட்டே நின்றுபோகும் போலிருந்ததால், பெட்டியைக் காலியாகவே இழுத்தோம். வேலை முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு வந்த அப்பா சைக்கிளை நிறுத்தினார்.

"சாமி எங்க பாப்பா?"

"உள்ளதாம்பா இருக்கு."

குனிந்து பார்த்தவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு, "நானும் கொஞ்சம் இழுக்கட்டுமா?" என்றார். மூன்று பேரும் ஒன்றாகக் கயிற்றை நீட்டினோம்.