பின்னால் ஆள் ஏறக் கூடாத சைக்கிள்

படிக்கட்டின் நடுவில் சைக்கிள் மாட்டிக்கொண்டது. ஹார்லெம் நகரத்துப் பழைய வீடுகளில் படிக்கட்டு என்பது பெயருக்குத்தான், ஏணிக்கு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியதுபோல இருக்கும். ரென்ஸ்கெ அந்த அலுமினிய சைக்கிளை வலது தோளில் மாட்டி, சுவரோரம் தொங்கும் கயிற்றை இடது கையால் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். பாதியில் முன்சக்கரம் தானாகத் திரும்பி, ஹேண்டில்பார் சுவரில் முட்டி நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தோளுக்குள் ஏதோ ஒன்று பழைய துணி கிழிவதுபோல மெல்ல விட்டுக்கொடுத்தது.

மேலே கதவைத் திறந்துகொண்டு கணவன் வீபெ வந்து நின்றான்.

"இறங்கி வரட்டா?"

"நகராதே."

"ஒரு கை நல்லாத்தானே இருக்கு. அதால இழுக்கிறேன்."

"அந்தக் கையால சுவத்தைப் பிடிச்சுக்கோ. நீயும் விழுந்தா உன்னைப் பிடிக்க எங்கிட்ட மூணாவது கை இல்ல."

அவன் கேட்கவில்லை. இடது காலை முன்னால் வைத்தான். செருப்பின் பாதி படிக்கு வெளியே தொங்குவது கீழிருந்த ரென்ஸ்கெயின் கண்ணுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். குளத்தின் மறுகரையில் ஓடும் பிள்ளையை நிறுத்துகிற குரலில் சொன்னாள்.

"வீபெ. கால். உள்ள."

கால் உள்ளே போனது. அவள் சைக்கிளை ஒரு படி இறக்கி, சக்கரத்தை முழங்காலால் நேராக்கி, மறுபடி ஏற்றினாள். மேலே வந்து சேர்ந்தபின் காபிக் கோப்பையை வலது கையால் தூக்க முடியவில்லை. இடது கையால் குடித்தாள்.

வீபெவுக்குப் பக்கவாதம் வந்தது போன இலையுதிர் காலத்தில். மூளையின் வலது பக்கம் அடிவாங்கினால் இடது கையும் காலும் தளர்வதை எல்லாரும் பார்க்கிறார்கள். அதோடு சேர்ந்து தளரும் இன்னொன்றை வீட்டில் இருப்பவர்கள்தான் பார்க்கிறார்கள். 'இது நம்மால் ஆகாது' என்று உள்ளிருந்து பிடித்து நிறுத்தும் கடிவாளம் அது. கால் சரியாக இல்லை என்று கேட்டால் வீபெ ஒத்துக்கொள்வான். கேட்காத நேரத்தில் அந்தக் கால் நன்றாக இருப்பதாகவே நடந்துகொள்வான். இப்படிப்பட்ட நோயாளி விழுவது ஞாபக மறதியால் அல்ல, தைரியத்தால்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ரென்ஸ்கெ ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாடகை வீடுகளைக் கவனிக்கும் அலுவலகத்தார், ஊருக்குத் தெற்கே ஸ்கால்க்வைக்கில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருப்பதாகவும், வேண்டாமென்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள். வீபெ போகமாட்டேன் என்றான். அவன் தரைக்கு ஓடு பதிக்கும் வேலை செய்தவன், இந்த வீட்டுச் சமையலறைத் தரை அவன் பதித்தது. ரென்ஸ்கெவுக்கும் போக மனமில்லை. ஜன்னலைத் திறந்தால் ஸ்பார்னெ ஆறு. ஸ்கால்க்வைக்கில் ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம்.

தடை சைக்கிள்தான். கீழே ஆற்றங்கரைக் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்த அவளுடைய பழைய சைக்கிளை யாரோ சங்கிலியை அறுத்துத் தூக்கிப்போய்விட்டார்கள். அதற்கு முந்தியதும் அப்படித்தான் போனது. இனி சைக்கிள் இரவில் மேலே வர வேண்டும். தோள் தாங்குகிற சைக்கிள் கிடைத்தால் இந்த வீட்டில் இருக்கலாம், கிடைக்காவிட்டால் ஸ்கால்க்வைக். விஷயம் அவ்வளவுதான்.

சைக்கிள் கடைக்காரி டோரியன், ரென்ஸ்கெயோடு செவ்வாய்க்கிழமைகளில் நீந்துகிறவள். இரண்டு சைக்கிளைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாள். முதலில் அலுமினியம், அடுத்து அதைவிட லேசான கார்பன் இழை. படிக்கட்டில் மாட்டிக்கொண்ட மறுநாள் காலை ரென்ஸ்கெ அலுமினியத்தைக் கடையில் விட்டுவிட்டுக் கார்பனை எடுக்கப் போனாள். வீபெவும் கூட வந்தான்.

டோரியன் கார்பன் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கி ரென்ஸ்கெயிடம் நீட்டினாள். பூனைக்குட்டியை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும்," என்றாள் டோரியன். "பின்னால இருக்கிற கேரியர் பைக்குத்தான். ஆள் உட்காரக் கூடாது."

"ஒல்லியான ஆளா இருந்தா?" என்றான் வீபெ.

"நீ எப்ப ஒல்லியா இருந்த?"

"அப்ப நான் பை. பைன்னு எழுதி என் முதுகுல ஒட்டிடு."

"வீபெ, வெளையாட்டில்ல. அலுமினியம்னா நெளியும், கீறல் விடும், கண்ணுக்குத் தெரியும். இது வெளியில சிரிச்சிட்டே இருக்கும், உள்ள போயிருக்கும். ஒருநாள் சொல்லாம விட்டுடும்."

"எங்க மாமியார் மாதிரி," என்றான் வீபெ.

"எங்கம்மாவப் பத்திப் பேசாத," என்றாள் ரென்ஸ்கெ. ஆனால் டோரியன் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். வீபெவும் கேட்டான், தலையும் ஆட்டினான்.

ஆள் ஏறக் கூடாது என்றால் வேறொரு சிக்கல் வந்தது. வீபெவால் சொந்தமாக சைக்கிள் ஓட்ட முடியாது. தினமும் காலையில் அவள் அவனை டபுள்ஸ் ஏற்றி, பக்கவாதக்காரர்கள் பகலில் கூடும் பயிற்சி மையத்தில் இறக்கிவிட்டுத்தான் குளத்துக்குப் போவாள். அந்த மையத்துக்கு வேன் உண்டு. வேன் பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயர் எழுதியிருக்கும், ஜன்னல் வழியாக நரைத்த தலைகள் தெரியும்.

"கார்பனையே வாங்கு," என்றான் வீபெ அன்று சாயங்காலம், அவள் சைக்கிளைச் சிரமமில்லாமல் மேலே கொண்டுவந்து சுவரில் சாய்த்தபோது. "நான் வேன்ல போறேன்."

"போன மாசம் அதைப் பிணவண்டின்னு சொன்ன."

"பிணம் ஒரு நாள்தான் போகும். நான் தினம் போறேன். பழகிடும்."

அவன் அதை நல்ல மனதோடுதான் சொன்னான். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அவள் வெள்ளிக்கிழமை என்ன பதில் சொல்வதென்று முடிவு செய்துவிட்டாள். வீடு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இங்கேயே இருக்கலாம்.

வியாழக்கிழமை காலை. வேனுக்கு அடுத்த வாரம்தான் பெயர் சேர்ப்பார்கள் என்பதால் இருவரும் நடந்தே கிளம்பினார்கள். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவன் கைத்தடி ஊன்றிக்கொண்டு. காற்று ஆற்றின் மேலிருந்து குறுக்கே அடித்தது. தூக்குப்பாலத்தை நெருங்கும்போது மணி அடிக்க ஆரம்பித்தது. படகு வருகிறது. தடுப்புக் கட்டை இறங்கிவிட்டால் பாலம் உயர்ந்து, படகு போய், பாலம் இறங்கும்வரை நிற்க வேண்டும். குளத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகள் துண்டோடு காத்திருப்பார்கள். மணி கேட்டதும் ஊரே அவசரப்பட்டது. சைக்கிள்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு ஓடின.

பின்னால் வந்த சரக்கு வண்டி ஹாரன் அடித்தது. வழிவிடுவதற்காக ரென்ஸ்கெ ஒரு காலை பெடலில் வைத்து, ஓரமாகக் கொஞ்சம் உருட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

இந்த நாட்டில் யாரும் நிற்கிற சைக்கிளில் பின்னால் ஏறுவதில்லை. ஓட்டுகிறவர் முதலில் கிளம்புவார். பின்னால் வருகிறவர் இரண்டடி ஓடி, பக்கவாட்டாகத் துள்ளி கேரியரில் உட்காருவார். நடக்கப் பழகிய கொஞ்ச காலத்திலேயே இதுவும் பழகிவிடும். மணி அடிக்கிறது, மனைவி உருட்டுகிறாள். வீபெவின் கால்களுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைத்தடியை அக்குளில் செருகினான், ஓடினான், துள்ளினான்.

கேரியரில் அவன் பாரம் விழுந்ததும் சைக்கிள் பின்னால் அமுங்கியது. அடியில் எங்கோ, உலர்ந்த குச்சியைத் துணிக்குள் வைத்து ஒடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது.

"இறங்கு," என்றாள்.

"போ, போ. கட்டை இறங்குது."

"வீபெ, இறங்கு."

"இங்க எப்படி இறங்குறது?"

சைக்கிள் பாலத்தின் ஏற்றத்தில் ஏறிவிட்டது. நின்றால் பின்னால் வருகிறவர்கள் மோதுவார்கள். கட்டை தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் பின்சக்கரம் இடது பக்கம் ஒதுங்கித் திரும்பி வந்தது, ஆடும் பல்போல. வீபெவின் வலது கை அவள் கோட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. மறுகரைக் கட்டைக்கு அடியில் நுழைந்து இறக்கத்தில் வந்தார்கள். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் ஒடிந்துவிடும் என்று தோன்றியது. விட்டு விட்டுப் பிடித்தாள். புல்லோரம் வந்ததும் காலை ஊன்றிச் சாய்த்தாள். வீபெ நல்ல பக்கமாக விழுந்து உட்கார்ந்தான்.

அவன் சிரித்தான். "தாண்டிட்டோம் பாத்தியா."

அவள் சிரிக்கவில்லை. சைக்கிளைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதலில் அவன் தலை, பிறகு மணிக்கட்டு, பிறகு இடுப்பு. இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். எழுந்து நிற்கச் சொல்லி, எந்தக் காலில் பாரம் போடுகிறான் என்று கவனித்தாள். உள்ளங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. குளத்துக்கு போன் செய்து முதல் வகுப்பை இன்னொருத்தியை எடுக்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சைக்கிளைப் பார்த்தாள். கறுப்புப் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"ஒண்ணும் ஆகல," என்றான் வீபெ. "கேரியர் ஆணிதான் சத்தம் போட்டிருக்கும்."

"ஆணியா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து இரண்டு யூரோ நாணயம் ஒன்றை எடுத்து, புல்லில் மண்டியிட்டு, ஃபிரேமைத் தட்ட ஆரம்பித்தான். பதித்த ஓட்டுக்கு அடியில் காற்று நிற்கிறதா என்று தட்டிப் பார்க்கும் தட்டு அது. நடுத்தண்டு கணீரென்றது. கீழ்த்தண்டும் அப்படியே. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் மெல்லிய தண்டில் மேலிருந்து வந்தான். கேரியர் மாட்டியிருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே சத்தம் செத்தது. மறுபடி தட்டினான். நனைந்த அட்டைப்பெட்டி.

அவன் நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஆணி இல்ல," என்றான்.

கடைக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். டோரியன் தலைகீழாக மாட்டி, விளக்கைப் பிடித்து, பின்தண்டை இரண்டு கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் உள்ளே போய் வெளியே வந்தது.

"பாலத்துல ஒரு சின்னக் குழி இருந்திருந்தாலும் நீங்க ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள," என்றாள். "கடைக்குக் காப்பீடு இருக்கு, அத விடு. நான் என்ன சொன்னேன் வீபெ?"

"ஆள் உட்காரக் கூடாதுன்னு."

"அப்புறம்?"

"தெரியல டோரியன். நான் உட்காரணும்னு நினைக்கல. உட்கார்ந்திருந்தேன்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து உள்ளங்கைச் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். டோரியன் குரலைத் தாழ்த்தி ரென்ஸ்கெயிடம் சொன்னாள்: "இதே மாடல் புதுசு ஒண்ணு வருது. கேரியரையே கழட்டிட்டுத் தரேன்."

"கழட்டினா தண்டு மேல உட்காருவான்."

"சத்தியமா ஏறமாட்டேன்," என்றான் வீபெ அங்கிருந்து. காது நன்றாகத்தான் கேட்டது. "கார்பனையே வாங்கு. ரென்ஸ், வீடு போயிடும்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். சத்தியம் செய்தது வாய், துள்ளியது கால். இரண்டுக்கும் நடுவே இருந்த கம்பி போன இலையுதிர் காலத்தில் அறுந்துவிட்டது. நீச்சல் தெரியாத பிள்ளையிடம் ஆழமான பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்புகிற ஆசிரியை வேலைக்கு ஆகமாட்டாள். பிள்ளை போகும் என்று வைத்துக்கொண்டுதான் கயிறு கட்டுவார்கள். தான் தூக்கக் கூடிய சைக்கிள் எது என்று அவள் இத்தனை நாள் பார்த்திருந்தாள். வீபெ துள்ளி ஏறினாலும் ஒடியாத சைக்கிள் எது என்று பார்த்திருக்க வேண்டும்.

"அலுமினியத்தைக் கொடு," என்றாள். "கேரியர் பெரிசா இருக்கட்டும்."

"உன் தோள்?"

ரென்ஸ்கெ கடை வாசலுக்குப் போய் வீட்டு அலுவலகத்துக்கு போன் செய்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வீபெ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு நீளவில்லை. அவள் உள்ளே வந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

அலுமினிய சைக்கிளைத் தெருவோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல நீ உட்காரு. அப்புறம்தான் நான் கிளம்புவேன்."

"நிக்கிற சைக்கிள்லயா? சின்னப் பிள்ளைங்க சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அவன் முனகிக்கொண்டே உட்கார்ந்தான். அவள் அவனுடைய இடது கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்தாள், விட்டால் அது தொங்கும். எதிர்க்காற்று. அலுமினியம் இரும்பைவிடக் கொஞ்சம்தான் லேசு, வீபெ எப்போதும்போலக் கனம். முதல் திருப்பத்தில் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"சரின்னு சொல்லிட்டியா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"சொல்லிட்டேன்."

பாலம் வந்தது. மணி அடிக்கவில்லை, கட்டை மேலேயே நின்றது. ஏற்றத்தில் அவள் எழுந்து நின்று மிதித்தாள். பைக்குள் இருந்த கையில் விரல்கள் அசைவதாகத் தோன்றியது, ஒருவேளை சாலைக் கல் அசைத்திருக்கலாம்.

"அந்த வீட்டுல சைக்கிள் எங்க நிக்கும்?" என்றான்.

"வாசல்ல. உள்ளேயே. படியே கிடையாது."

"அப்ப நானே எடுத்து வைப்பேன்."

"நீ தொடவே கூடாது," என்று சொல்லிவிட்டு அவள் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தாள்.