எந்த நாட்டின்மேல்

மாதத்தில் ஒருமுறை, ஹம்பேர்க்கில் ஒரு ஜெர்மன் தேவாலயத்தை இரவல் வாங்கித் தமிழ்ப் பூசை வைப்போம். விவிலிய வாசகம் வாசிப்பவரே மன்றாட்டையும் எழுதிவருவது எங்கள் வழக்கம். அன்று என் முறை. பாவம் மலிந்த தேசத்தை ஆண்டவர் தண்டிப்பார் என்று எபிரேய இறைவாக்கினர் ஒருவர் முழங்கும் வாசகம் அது. மன்றாட்டில், எங்கள் நாட்டின்மேல் இரங்கும் என்று எழுதியிருந்தேன்.

என் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "எந்த நாட்டின்மேலயப்பா? போன மாதம்தானே ஜெர்மன் பாஸ்போட் எடுத்தனீங்கள்?"

தாளை மடித்துப் பையில் வைத்தேன். ரயிலிலும் அந்தக் கேள்வி பக்கத்திலேயே அமர்ந்து வந்தது.

பூசையில் நகரங்கள் எரிவதை வாசித்தபோது முன்வரிசை வாங்கில் ஓர் அக்கா கண்ணைத் துடைத்தார். இலங்கைப் போரில் எங்கள் ஊர்கள் எரிந்தது நினைவு வந்திருக்கும். ஆனால் அந்த இறைவாக்கினர் பகைவரைத் திட்டவில்லையே, தன் சனத்தையல்லவா திட்டினார்? அப்படியென்றால் எரிந்தவர்களா பாவிகள்? எனக்குப் பின்னாலிருந்த சுவரும் இந்த நாடு தொடங்கிய உலகப்போரில் எரிந்து கறுத்ததுதான். எது தண்டித்த நெருப்பு, எது வெறுமனே சுட்ட நெருப்பு?

மன்றாட்டில், "எங்கள் நாட்டின்மேல்" என்று தொடங்கித் திணறி நின்றேன். முடித்துவிட்டேன் என்று நினைத்துச் சபை ஒரே குரலில், "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்றது.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கையில் அந்த அக்கா என் கையைப் பிடித்தார். "நல்லா மன்றாடினீங்கள் தம்பி. எங்கட நாட்டை நினைச்சு அழுதிட்டன்."

"எந்த நாட்டை அக்கா?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு, ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை ஊதத் தொடங்கினார்.