கட்டத்துக்குள் ஒரு காக்கை

இரண்டாயிரம் பிறந்த புதிதில் நான் அடுகோடியில் ஒரு சின்ன விளம்பர அலுவலகத்தில் வடிவமைப்பாளராக இருந்தேன். வீடு ஆஸ்டின் டவுனில். தம்பி எங்கள் தெருக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பொழுது விடிவதற்குள் மைதானத்தில் கூடிக் கத்துவார்கள் என்பதால் அக்கம்பக்கத்தில் அவர்களுக்குக் காக்காக் கூட்டம் என்று பெயர். திட்டுவதற்காகச் சொன்னதை அவர்கள் அணியின் பெயராகவே வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் முதல் தடவையாக ஒரு போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். அணியின் கேப்டன் ஸ்கூட்டர் மெக்கானிக். கையில் கிரீஸோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, எங்களுக்கு ஒரு லோகோ போட்டுக் குடுங்க. காக்கா, கால்ல பந்து. அவ்ளோதான். டீ-ஷர்ட்ல நெஞ்சு மேல வரணும்."

அன்றே காகிதத்தில் மை தொட்டு வரைந்தேன். தலையைச் சாய்த்து, ஒற்றைக் காலால் பந்தை அமுக்கிக்கொண்டிருக்கும் திமிர் பிடித்த காக்கை. மதிய இடைவேளையில் அலுவலகத்தில் ஸ்கேன் செய்தேன். துணியில் அச்சடிப்பவர் பக்கத்துச் சந்தில் இருந்தார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார்.

"எந்த ஃபைல் வேணும்?" என்று கேட்டேன்.

"ஜேபெக் கொடுங்க மேடம், சாக்கு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அது போதும் என்கிறாரே என்று ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஜேபெக் என்பது புள்ளிகளால் ஆன படம். சின்னதாகப் பார்க்க அழகாக இருக்கும். இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகப் பிதுங்கும். அதோடு, அதற்குப் பின்னணியைக் காலியாக விடத் தெரியாது. படத்தைச் சுற்றி ஒன்றுமே இல்லாத இடம்கூட வெள்ளை நிறமாகத்தான் நிற்கும். வெள்ளைக் காகிதத்தில் அது யார் கண்ணிலும் படாது. ஆனால் இவர்களுடைய சட்டை அரக்குச் சிவப்பு.

ஆட்டத்தன்று காலையில் மூட்டையைப் பிரித்தோம். ஒவ்வொரு சட்டையின் நெஞ்சிலும் ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் படிக்கட்டு மாதிரி விளிம்போடு என் காக்கை. தம்பி ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, ஸ்டாம்ப் ஒட்டின மாதிரி கீது?"

மாற்றுச் சட்டை கிடையாது. அதையே மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். எதிரணியின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "ஏய் ஸ்டாம்ப்! எந்த ஊருக்குடா போஸ்ட் ஆவற?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதற்கப்புறம் தம்பி ஒரு பந்தைப் பாய்ந்து தடுத்தான். பிறகு இன்னொன்று. நெஞ்சிலிருந்த வெள்ளைக் கட்டம் சேறாகிப் போனது. கடைசி நிமிஷங்களில் எதிர்ப்பக்கத்து ஆட்களே அவன் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் "ஸ்டாம்ப்! ஸ்டாம்ப்!" என்று கைதட்டினார்கள். ஒரு கோலில் தோற்றோம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வருஷம் புதுச் சட்டை என்றதும் இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வதென்று உட்கார்ந்தேன். காக்கையைக் கணினியில் கோடு கோடாகத் திரும்ப வரைந்தேன். இந்தக் கோடுகளில் புள்ளிக்கு வேலையில்லை; எங்கிருந்து எங்கே, எவ்வளவு வளைவு என்ற கணக்கு மட்டும்தான். சட்டை அளவுக்கு இழுத்தாலும் சுவர் அளவுக்கு இழுத்தாலும் அலகு கூர்மையாகவே இருந்தது. அச்சுக்காரருக்கு அந்தக் கோட்டுப் படத்தையே, கோடுகள் கோடுகளாகவே இருக்கும் ஈபிஎஸ் கோப்பாக எடுத்தேன். அவரிடம் என் எழுத்துரு இருக்காது என்பதால் காக்கைக்குக் கீழே போட்ட அணிப் பெயரின் எழுத்துகளையும் கோடுகளாக்கினேன். கணினித் திரையில் காட்ட, பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒன்று. மின்னஞ்சலுக்குச் சின்ன ஜேபெக். ஒவ்வொன்றும் எதற்கென்று கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்தேன்.

மாதிரிச் சட்டை வந்தது. கட்டம் இல்லை, படிக்கட்டு இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கேப்டன் அதை விரித்துப் பார்த்தார், தள்ளிப் போய்ப் பார்த்தார்.

"கட்டம் எங்கக்கா?"

"அது தப்பா வந்ததுப்பா."

"தப்போ ரைட்டோ, ஊரே எங்கள ஸ்டாம்ப்னுதான் கூப்புடுது. இங்க வந்து நீங்களே பாருங்க, காக்காவே தெரியல."

போய்ப் பார்த்தேன். அரக்குச் சிவப்பில் கறுப்புக் காக்கை இருட்டுக்குள் போனதுபோல் கரைந்திருந்தது. அவர் சொன்னது நியாயம்தான். மறுபடி உட்கார்ந்து, காக்கைக்குப் பின்னால் வெள்ளைக் கட்டத்தை நானே வரைந்தேன். ஸ்டாம்ப் என்றால் ஸ்டாம்ப்தான் என்று விளிம்பைச் சுற்றிப் பற்களும் வைத்தேன். கோப்பைத் திறந்த அச்சுக்காரர் சிரித்தார்.

"என்ன மேடம், போன வருஷம் தானா வந்தத இந்த வருஷம் வேல மெனக்கெட்டு வரைஞ்சிருக்கீங்க?"

அந்தச் சட்டையைச் சில வருஷங்கள் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கால்சென்டர் வேலைக்குப் போனார்கள். இரவெல்லாம் விழித்தவர்களுக்கு விடியற்காலை ஆட்டம் முடியவில்லை. கேப்டன் ஓசூரில் கடை போட்டார். கூட்டம் கலைந்தது.

புதுச் சட்டையோடு அவர்கள் முதலில் ஆடிய காலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பனி விலகாத மைதானத்தின் ஓரத்தில் ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன். அந்தக் கோடியில் கோலுக்கு முன்னால் நின்றவனின் முகம் தெரியவில்லை. நெஞ்சில் வெள்ளைக் கட்டத்துக்குள் இருந்த காக்கை தெரிந்தது. தம்பி என்று தெரிந்துகொண்டு கையை ஆட்டினேன்.