லினக்ஸில் ஓடும் காரும் மாடிவீட்டு மீசையும்

கம்ப்யூட்டரில் விண்டோஸை அடியோடு அழித்துவிட்டு லினக்ஸுக்கு மாறிவிட்டேன்.

"அதுல உங்க கார் ரேஸ் கேம் ஓடாது சார். ஓடிச்சுன்னா என் மீசைய எடுத்துடறேன்" என்றார் மாடிவீட்டு மூர்த்தி.

ஆபீசில் ஒருநாளும் காட்டாத உழைப்பைக் காட்டி, மூன்றே நாளில், இன்று காலை ஓடவைத்துவிட்டேன். மாடிக்கு ஓடி அவரை அழைத்து வந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். மவுஸுக்குப் பூ.

"இன்னிக்கு ஆயுத பூஜைங்க. நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் தொடணும்" என்றாள் மனைவி.

"மேடம் சொல்றதுதான் கரெக்ட். தெய்வ குத்தம் ஆயிடும் சார்!" மூர்த்திக்குத் திடீர் பக்தி.

பாவம், மீசைக்கு ஒருநாள் வாய்தா. நாளை விஜயதசமி, எதையும் புதிதாகத் தொடங்க உகந்த நாள். எங்கள் ஏரியா ஈஜிபுரா சலூனில் விசாரித்துவிட்டேன், காலை ஏழுக்கே திறக்கிறார்களாம். துணைக்கு யார் யார் வருகிறீர்கள்?