பச்சை வெள்ளைக் கதிரை

பேசாலையில் மாமி வீட்டு முன்னறையில் ஒரு கதிரை இருந்தது. இரும்புச் சட்டத்தில் பச்சையும் வெள்ளையுமாக வயர் பின்னிய கதிரை. நான் வாசலில் செருப்பைக் கழற்றியதுமே மாமி என் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் அதில்தான் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு என்னை அவர் எழுந்திருக்கவே விடவில்லை என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால் தண்ணீர் வந்துவிடும். கை கழுவ எழுந்தால் சொம்பும் துண்டும் வந்துவிடும். “எழும்பாதேங்கோ பிள்ளை, இருங்கோ” என்பதை அந்த முதல் நாட்களில் எத்தனை தடவை கேட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

எங்கள் ஊர் மண்டபம். குறுக்கே கடலைத் தாண்டினால் மன்னார் தீவு, அதில்தான் பேசாலை. ஆனால் முறையாகப் போக வேண்டும் என்றால் மதுரையில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து முதுகு கழன்றுவிடும்படி பஸ்ஸில் உட்கார்ந்து வடக்கே வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான். போர்க் காலத்தில் மாமியும் மாமாவும் இரண்டு கைக்குழந்தைகளோடு நேர்வழியாகவே, படகில், இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். மண்டபம் முகாமில் பல வருடங்கள் இருந்தார்கள். எங்கள் வீடு முகாமுக்கு அடுத்த தெருவில். மீன் சந்தையில் ஒரே கூறு மீனுக்கு என் அம்மாவும் மாமியும் கை நீட்டி, சண்டை போடப் போய்ச் சிநேகமாகிவிட்டார்கள். அவர் எங்களுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. மாமி என்று கூப்பிடச் சொன்னார், கூப்பிட்டோம்.

தினமும் சாயங்காலம் மாமி எங்கள் வீட்டுக்கு வருவார். நிலைப்படியில் கையை ஊன்றி நின்று பேசுவார். அம்மா இழுத்துக்கொண்டு போனால் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். முன்னறையில் எங்களுக்கு ஒரு வயர் நாற்காலி உண்டு. அதில் மட்டும் அவர் உட்கார்ந்ததே இல்லை. “இவளுக்கு நாற்காலியில் முள்ளா இருக்கு?” என்று அம்மா கோபித்துக்கொள்வார். மாமி சிரிப்பார், நின்றுகொண்டே இருப்பார். போர் முடிந்து அவர்கள் ஊர் திரும்பிய பிறகு தொலைபேசி மட்டும்தான். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட, அந்த வீட்டில் மாமியும் மாமாவும் மட்டும். அம்மாவுக்கு முழங்கால் பழுதாகிவிட்டதால், நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் விடுமுறையில் அம்மாவின் சார்பில் கிளம்பினேன். “அங்க போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காராத. எதைப் பார்த்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லு” என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. மாமி வீட்டில் ஒரு வழக்கம். விருந்தாளி எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது விருந்தாளியுடையது. இது எனக்குத் தெரியாது. முதல் நாள் பனங்கட்டி நல்ல ருசி என்றேன். பொழுது சாய்வதற்குள் ஒரு பை நிறையப் பனங்கட்டி என் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. முற்றத்தில் காயும் கருவாட்டைப் பார்த்து எவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்கிறீர்கள் என்றேன். அதுவும் பொட்டலமாகி வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் புகழ்ந்தேன். மறுநாள் காலையில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வாசல் படலையடியில் ஒரு கழுதை நின்றிருந்தது. மன்னாரில் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் தெருவெல்லாம் திரியும். என்ன அழகான கண் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தாமலே, “கயிறு இருக்குது, கட்டிக்கொண்டு போங்கோ. எங்களுக்கும் இடைஞ்சல் குறையும்” என்றார்.

சாப்பாடு இன்னொரு சோதனை. பூப்போட்ட பீங்கான் தட்டில், கதிரைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, எனக்கு மட்டும் பரிமாறுவார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமி பக்கத்தில் நின்று விசிறுவார். பிறகு அவர்கள் இருவரும் குசினி என்கிற சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவது கேட்கும். எதையோ சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று எனக்கு அடித்துக்கொள்ளும். கணவாய்க் கறி வேறு நாக்கைப் பொசுக்கியது. கண்ணில் நீர் முட்ட, நன்றாக இருக்கிறது மாமி என்பேன். இன்னும் இரண்டு அகப்பை விழும். அப்படியொரு உபசாரத்துக்கு நடுவில் நான் தனியாகத்தான் இருந்தேன். இப்படியே ஊர் திரும்பினால் மாமியைப் பார்த்தேன் என்று அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று கவலையாக இருந்தது.

மூன்றாம் நாள் பேச்சுவாக்கில், “மாமி, இந்த நாற்காலி எங்க வீட்டு நாற்காலி மாதிரியே இருக்கு. ரொம்ப அழகு” என்றேன். மறுநாள் காலை கோயில் மணிச் சத்தத்தில் எழுந்து வந்தால், மாமா முன்னறையில் குந்தியிருந்து கதிரையைச் சாக்கில் சுற்றி வலைக்கயிற்றால் வரிந்துகொண்டிருந்தார். மாமி முனையைப் பிடித்திருந்தார்.

“பிளேனில ஏத்துவினமோ பிள்ளை?” என்று கேட்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு மாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை.

“உங்கட அம்மான்ர கையால எத்தினை வருசம் வாங்கித் திண்டனான். நான் திருப்பி ஒண்டும் குடுக்கேல்லை” என்றார். “வீடு கட்டினவுடன முதல் செய்விச்ச சாமான் இது. பச்சையும் வெள்ளையும் எண்டு நான்தான் சொல்லிப் பின்னுவிச்சனான். உங்கட வீட்டுக் கதிரையைப் பார்த்துக்கொண்டே நிண்டனானெல்லோ, நிறம் மறக்குமே?”

உட்காராத நாற்காலியின் நிறத்தை அவர் இவ்வளவு காலம் வைத்திருந்தார். “அப்ப ஏன் மாமி ஒருநாள்கூட அதுல உக்காரல?” என்று கேட்டேன்.

“பயம் பிள்ளை. இருந்தால் எழும்ப மனம் வராது. நான் ஊருக்குத் திரும்ப வேணுமெண்டு இருந்தனான்.”

மாமா முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. இந்தக் கதிரையை மட்டும் நான் எடுத்துக்கொண்டு போனால் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார் என்பது உறுதி. வேண்டாம் என்று சொன்னால் மாமியின் மனம் உடையும். என்ன செய்வது என்று விழித்துக்கொண்டு நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. வந்ததிலிருந்து நான் எல்லாவற்றையும் புகழ்ந்திருக்கிறேனே தவிர, வாயைத் திறந்து ஒன்றையும் கேட்கவில்லை. எங்கள் நிலைப்படியில் நின்ற அந்தக் காலத்து மாமி மாதிரியே.

“மாமி, எனக்கு இது வேணாம். வேற ரெண்டு வேணும், தருவீங்களா?”

“கேளுங்கோ, கேளுங்கோ!”

“குசினியில உங்க பக்கத்துல தரையில உக்காந்து சாப்பிடணும். அப்புறம் அந்தக் கணவாய்க் கறியில உறைப்பைப் பாதியாக் குறைக்கணும். நாக்கு செத்துப்போச்சு மாமி.”

மாமி இடுப்பில் கையை வைத்தார். “விசரி! இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு திண்டனியே? எனக்கு என்னெண்டு தெரியும்? தகப்பன்ர குணம், அப்பிடியே தகப்பன்ர குணம்!” என்று குசினி வரைக்கும் திட்டிக்கொண்டே போனார். சின்ன வயதில் திட்டிய அதே குரல். என்னை நீ என்று அவர் சொன்னது வந்த பிறகு அப்போதுதான். மாமா கதிரையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். “நல்ல வேளை. இதுக்குப் பிறகு வீட்டைப் பற்றி ஏதும் சொல்லிப்போடாதேங்கோ, நாங்கள் ரோட்டில நிக்க வேணும்” என்றார்.

மீதி நாட்கள் குசினித் தரையில் கழிந்தன. தேங்காய் துருவினேன், வெங்காயம் உரித்தேன், மாமியிடம் உரிப்பது சரியில்லை என்று பேச்சு வாங்கினேன். புறப்படும் நாளில், “நீங்க மண்டபம் வரணும். வந்து எங்க நாற்காலியில உக்காரணும்” என்றேன். “பாப்பம்” என்றார் மாமி. அந்தப் பாப்பத்துக்கு எந்தப் பக்கமும் அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். இனி அந்தக் கரைக்குப் போவதில்லை என்று அவர் சொல்லியிருந்ததாக மாமா பஸ் நிறுத்தத்தில் மெதுவாகச் சொன்னார்.

போன மாதம் மாமி வந்தார். விசா எடுத்து, விமானம் ஏறி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தவர், நிலைப்படியில் கையை ஊன்றி நின்றுவிட்டார். அதே இடம், அதே கை. உள்ளே பச்சை வெள்ளை நாற்காலி, புது வயர் போட்டுத் தயாராக இருந்தது. அம்மாவால் எழுந்து போய் இழுத்துவர முடியவில்லை. “வாயேன்டி” என்று மட்டும் சொன்னார். மாமி நாற்காலியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நேராக வந்து அதில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

“பிள்ளை, ஒரு தேத்தண்ணி கொண்டா. சீனி கூடப் போடு” என்றார்.

தேநீரோடு நான் திரும்பியபோது இரண்டு பேரும் அழுது முடித்து, பழைய மீன் கூறு யாருக்குச் சேர வேண்டியது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாமி கைப்பிடியைத் தடவி, “நல்ல கதிரை” என்றார். நான் விடுவேனா? “கட்டித் தரவா மாமி? சாக்கு இருக்கு” என்றேன்.

“வேண்டாம், இஞ்சயே கிடக்கட்டும்” என்றார் மாமி. “நான் வாறபோது இருக்க ஒண்டு வேணுமெல்லோ.”