வீடு பூட்டியிருந்தது

அக்கா, நீ ஆர்டர் போட்ட மழைக்கோட்டு கடைசியில் வந்துவிட்டது.

அது வராமல் பதினைந்து நாள் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். பிராட்வேயில் கடை வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்ததும் கூரியருக்குத்தான் போன் போடுவாய். "நாளைக்கு வரும்" என்பார்கள். நீ இறந்த அன்று உன் போனுக்கு மெசேஜ் வந்தது: வீடு பூட்டியிருந்ததால் பார்சலைக் கொடுக்க முடியவில்லை. அன்று நம் சந்தே வீட்டுக்குள்தான் இருந்தது. கதவைச் சாத்தவே இல்லை.

பதினாறு முடிந்ததும் சண்டை போடத்தான் சுள்ளிக்கல் கூரியர் ஆபீசுக்குப் போனேன். "வீடு பூட்டியிருக்குன்னு போட்டது யாரு?" என்று கேட்டேன். பார்சல் கொண்டுவரும் மலையாளி சேட்டன் எழுந்து வந்தார்.

"நான்தான் மோளே. சந்து முக்குல ஒட்டின போஸ்டர்ல போட்டோவும் பேரும் பார்த்தேன். பார்சல்லயும் அதே பேரு. அந்தப் பேரை வாசல்ல நின்னு எப்படிக் கூப்பிடறது? பார்சல் கொடுக்காததுக்குக் காரணம்னு போன்ல நாலுதான் இருக்கு, மரணம்னு இல்ல. அதான் பூட்டின வீடுன்னு அமுக்கினேன். திருப்பி அனுப்பவும் மனசு வரல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சேட்டா."

"யார்கிட்டச் சொல்ல? எல்லாரும் அழுதிட்டிருந்தீங்க. ஒரு நிமிஷம் நின்னு பிரார்த்திச்சிட்டுப் போயிட்டேன்."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். உன்னை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் உனக்காக வேண்டியிருக்கிறார். இதைப் படிக்கிற நீங்களும் என் அக்காவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.