ஒரு கவுண்டர், இரண்டு வாரம்

செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நான் சேர்ந்த முதல் நாள், என் மேசைமேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்தார்கள். உதிரிபாக ஸ்டோரைக் கணினிக்கு மாற்றும் திட்டத்தின் விவரக்குறிப்பு அது. இருநூறு பக்கங்களுக்கு மேல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஏழு பேரின் கையெழுத்து. இதில் உள்ளபடி புரோகிராம் எழுதினால் போதும், யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்றார் மேலாளர். ஓராண்டு எழுதுவது, பிறகு ஒரே நாளில் ஸ்டோரின் நான்கு கவுண்டர்களிலிருந்தும் இருப்புக் கணக்கு எழுதும் அட்டைகளை எடுத்துவிட்டு டெர்மினல்களை வைப்பது. திட்டம் அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வேறோர் இடத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருந்தேன். அங்கேயும் இப்படித்தான் ஒரு புத்தகம் இருந்தது. அதில் உள்ளபடியே எழுதி முடித்தோம். திறந்த அன்று காலை பத்து மணிக்குள் எல்லாரும் பழைய லெட்ஜருக்கே திரும்பிவிட்டார்கள். அதனால் இந்தப் புத்தகத்தைப் படிக்கும் முன்பே அதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் கேட்டது பெரிய விஷயம் அல்ல. ஒரு கவுண்டர், ஒரு டெர்மினல், இரண்டு வாரம். சாமான் வழங்கும் திரையை மட்டும் எழுதி அங்கே வைக்கிறேன். ஸ்டோர்காரர்கள் தொட்டுப் பார்க்கட்டும். தப்பைத் திருத்துகிறேன். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னொரு துண்டு.

மேலாளர் தமிழர். மேசையில் ஆங்கிலம், கேண்டீனில் தமிழ் என்று வைத்திருந்தார். முதல் தடவை ஆங்கிலத்தில் மறுத்தார். இரண்டாம் தடவை மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே தமிழில் மறுத்தார்.

"கப்பலப் பாதி ரிப்பேர் பண்ணிட்டுக் கடல்ல விடுவோமாம்மா?"

"கப்பல விடமாட்டோம் சார். ஆனா ஒரு பைப்ப மாட்டுனா அன்னைக்கே தண்ணி விட்டுப் பாக்குறாங்க. எல்லாத்தையும் மாட்டி முடிச்சு ஒரேயடியா ஒழுகுதான்னு பாக்கறதில்ல."

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். அது எனக்கு உதவவில்லை. அன்று பிற்பகல் முழுக்க மேலாளர் என் பக்கம் திரும்பவில்லை.

அவர் கெட்டவர் அல்லர். நான் சேர்வதற்கு முன் நடந்த ஒரு திட்டத்தில், பயன்படுத்துகிறவர்கள் வாரத்துக்கு ஒரு மாற்றம் கேட்டுக் கேட்டு, வேலை இரண்டு ஆண்டாகியும் முடியாமல், இயக்குநர் எல்லார் முன்னாலும் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் இந்தக் கையெழுத்து ஏற்பாடு. கையெழுத்துப் போட்டவர் பிறகு வாய் திறக்க முடியாது. ஒரு கையெழுத்து குறைந்தாலும் வேலை தொடங்காது என்பதும் அவர் போட்ட விதிதான். என்னுடைய இரண்டு வாரம் அவருக்குப் பழைய கெட்ட கனவாகத் தெரிந்திருக்கும். இது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறையவில்லை.

நாங்கள் ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் குடியிருந்தோம். அங்கிருந்து செம்பவாங்குக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் நோட்டில் காரணங்களை எண் போட்டு எழுதுவேன். எழுதுவேன், வலுவில்லாததை அடிப்பேன், மறுபடி எண் போடுவேன். தாம்சன் ரோட்டைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் எல்லாவற்றையும் அடித்திருப்பேன்.

காரணம் தேடித்தான் ஸ்டோருக்குப் போனேன். சாமான்களின் குறியீட்டு எண்களைச் சரிபார்க்க வேண்டும் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். முதல் கவுண்டரின் ஸ்டோர்கீப்பருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். செம்பவாங்கிலேயே பிறந்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கர். கவுண்டர் கம்பியில் குருத்தோலைச் சிலுவை ஒன்று செருகியிருக்கும். புத்தகத்தின் ஏழு கையெழுத்தில் ஐந்தாவது அவருடையது. எந்தப் பக்கம் வரை படித்தீர்கள் அண்ணே என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போடுற பக்கம்தான். அதையே தொறந்து வெச்சு, பேனாவையும் குடுத்தாங்க. வேற பக்கம் இருக்குன்னு நீங்க சொல்லித்தான் தெரியுது மேடம்."

அந்த 'மேடம்' மரியாதைக்குச் சொன்னது அல்ல.

மூன்று காலைப்பொழுது அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கணினித் தாளின் பின்பக்கத்தில் திரைகளைப் பேனாவால் வரைந்து கொண்டுபோயிருந்தேன். முதல் நாள் அவர் அவற்றைத் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்தார். இரண்டாம் நாள் ஒன்றை எடுத்துப் பார்த்து, இங்கே சீட்டு எண் என்று போட்டிருக்கிறதே, சீட்டு இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த வரிக்குப் போக முடியாது, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். ஏன் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கண்ணால் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த பித்தளை வில்லைகள் கொடுத்திருப்பார்கள். கருவிகளை இரவல் வாங்க அவை. வில்லையைக் கொடுத்துச் சுத்தியலை எடுத்துப் போவார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டு வில்லையை வாங்கிக்கொள்வார்கள். உதிரிபாகங்களுக்கு அப்படி அல்ல. ஃபோர்மேன் கையெழுத்திட்ட சீட்டு வந்தால்தான் சாமான் தர வேண்டும் என்பது விதி. ஆனால் ஃபோர்மேன் கப்பலின் வயிற்றுக்குள் எங்கோ இருப்பார். அவரைத் தேடிப் பிடித்துச் சீட்டு வாங்க அரைமணி நேரம் ஆகும். அதற்குள் குழாயிலிருந்து எண்ணெய் கொட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஓடிவருகிறவன் வில்லையைக் கவுண்டரில் போடுவான். ஸ்டோர்கீப்பர் அதை அந்தச் சாமானின் தட்டில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு, குழாய் மூட்டில் வைக்கும் கேஸ்கட்டையோ வால்வையோ எடுத்துக் கொடுப்பார். மாலையில் ஃபோர்மேன் எல்லாச் சீட்டையும் மொத்தமாக அனுப்புவார். வில்லைகள் ஆணியிலிருந்து இறங்கும். எதுவும் தொலைந்ததில்லை என்றார் ஸ்டோர்கீப்பர்.

நான் நோட்டைத் திறந்தேன்.

"இத எழுதாதீங்க மேடம்."

"ஏண்ணே? இதுதானே உண்மையில நடக்குது?"

"நடக்குது லா. ஆனா சீட்டில்லாம சாமான் குடுத்தான்னு பேப்பர்ல வந்துச்சுனா, வார்னிங் லெட்டர் எனக்குத்தான் வரும். ஃபோர்மேனுக்கு வராது."

நோட்டை மூடினேன். பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புத்தகத்தில் உள்ளபடி திறந்தால் முதல் நாள் காலையிலேயே நான்கு கவுண்டர்களிலும் சீட்டில்லாத ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். திரை நகராது. பழைய அட்டைகளும் இருக்காது. கப்பல் காத்திருக்கும். கவுண்டரில் இருக்கும் இவரைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். ஒரே ஒரு கவுண்டரில் இரண்டு வாரம் வைத்தால் இது முதல் மணி நேரத்திலேயே வெளியே வந்துவிடும், சரிசெய்துவிடலாம். என் பட்டியலில் முதன்முறையாக ஒரு நல்ல காரணம். அதை நான் சொல்லக்கூடாது.

மூன்றாம் தடவை கேட்டபோது, என்னைச் சமாளிக்க முடியாமல் மேலாளர் இயக்குநரிடமே அழைத்துப் போனார். இயக்குநர் சீனர், பொறியாளர், குறைவாகப் பேசுவார். நான் என் காரணங்களைச் சொன்னேன். திரையைப் பார்த்தால்தான் மனிதருக்கு யோசனை வரும், சின்னத் தப்பைத் திருத்துவது எளிது, இப்படியான பொதுப் பேச்சு. சொல்லச் சொல்ல எனக்கே அவை பள்ளிக் கட்டுரை மாதிரி கேட்டன. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். இதில் தப்பான ஒரு வரியைக் காட்டு, உனக்கு உன் கவுண்டர் கிடைக்கும் என்றார்.

எந்தப் பக்கம், எந்த வரி என்று எனக்குத் தெரியும். புத்தகத்தை நான் திறக்கவில்லை. தற்போது எதுவும் இல்லை என்றேன். மேலாளர் என்னைப் பார்த்து வருத்தப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். வெளியே வந்ததும், இனிமேல் இந்தப் பேச்சு வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு தேக்கா மார்க்கெட்டில் மீன் கடைகளுக்கு நடுவே ஸ்டோர்கீப்பரைப் பார்த்தேன். மனைவி இறாலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இரண்டு கூடைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீட்டிங் என்னாச்சு என்று அவராகவே கேட்டார். சொன்னேன். இயக்குநர் கேட்டதையும், நான் சொல்லாததையும்.

"சொல்லிருக்கலாமே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொதுவாக வராது. "எழுதாதன்னு சொன்னது யாரு? நான் சொன்னா உங்களுக்கு லெட்டர் வரும். நான் சொல்லலன்னா அடுத்த வருசம் அந்தச் சனியனத் தொறக்கிற அன்னைக்கு உங்களுக்குத் திட்டு விழும், அப்பறம் லெட்டரும் வரும். வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க."

"ஆக, எந்தப் பக்கம் போனாலும் மாட்டுறது நாந்தான்."

"ஆமாண்ணே."

"அப்ப நல்ல லிஸ்டுதான் போட்ருக்கீங்க மேடம்" என்றார். அவர் மனைவி திரும்பி, யாருங்க இந்தப் பொண்ணு என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டு இவர் இறாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, தேநீர் நேரத்துக்கு முன், ஸ்டோர்கீப்பர் நீல வேலைச் சட்டையோடு எங்கள் பிரிவுக்குள் வந்தார். ஸ்டோர்காரர்கள் அந்தக் குளிரூட்டிய அறைக்கு வருவதில்லை. நேராக மேலாளர் மேசைக்குப் போய்ப் புத்தகத்தைக் கேட்டார். எதற்கு என்றார் மேலாளர்.

"என் கையெழுத்த எடுத்துக்கறேன் சார்."

"எடுத்துக்கறதா? மறந்து வெச்சிட்டுப் போன குடையாய்யா அது, வந்து எடுத்துக்க?"

"குடைன்னா விட்ருப்பேன் சார்."

மேலாளர் விளையாட்டு என்று நினைத்துத்தான் புத்தகத்தைக் கொடுத்தார். இவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஐந்தாவது கையெழுத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி போட்டு, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். இதில் எழுதியிருக்கிறபடி நாங்கள் சாமான் கொடுப்பதில்லை. அவ்வளவுதான். என் பக்கம் பார்க்காமலே போய்விட்டார்.

ஒரு கையெழுத்து குறைந்தால் வேலை நடக்காது. மேலாளர் தம் விதியைத் தாமே மீற முடியாமல் இயக்குநருக்குப் போன் செய்தார். பிற்பகலில் நாங்கள் மூவரும் ஸ்டோருக்குப் போனோம். அந்த நேரத்தில் ஆணிகளில் பதினாறோ பதினேழோ வில்லைகள் தொங்கின. இயக்குநர் ஒன்றைக் கழற்றி, எண்ணைப் பார்த்து, மறுபடி அதே ஆணியில் மாட்டினார். எத்தனை நாளாக என்று கேட்டார். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்தே என்றார் ஸ்டோர்கீப்பர். பிறகு இயக்குநர் என்னைக் கேட்டார், அன்று அறையில் உனக்கு இது தெரியுமா என்று. தெரியும் என்றேன். ஏன் சொல்லவில்லை? சொன்னால் இவருக்குத்தான் கெடுதல் வரும் என்றேன்.

அடுத்த வாரம் எனக்கு என் கவுண்டர் கிடைத்தது. இரண்டு வாரம், பிறகு பார்ப்போம் என்று தாளில் எழுதியே கொடுத்தார்கள். அதே நாளில் ஸ்டோர்கீப்பருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. விதியை மீறிச் சீட்டில்லாமல் சாமான் வழங்கியதற்காக.

டெர்மினலை நானே தள்ளுவண்டியில் கொண்டுபோனேன். திரையில் சீட்டு எண்ணுக்கு மேலே ஒரு புது வரி இருந்தது. வில்லை எண்ணைத் தட்டினால் சாமானைக் கொடுக்கலாம், சீட்டு எண்ணை மாலைக்குள் சேர்த்தால் போதும். முதல் இரண்டு வாரத்தில் அவர் பதினான்கு குறை சொன்னார். எழுத்து சின்னது, பச்சை நிறம் கண்ணைக் குத்துகிறது, கேஸ்கட்டை அளவு வைத்துத் தேட முடியவில்லை. பன்னிரண்டைத் திருத்தினேன். நான்காவது மாதத்தில் மற்ற மூன்று கவுண்டர்களும் தாங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டன. இப்போது மேலாளர் பிற பிரிவுகளுக்குப் போய் இதை எப்படிச் செய்வது என்று விளக்குகிறார். நன்றாகவே விளக்குகிறார், பைப்பில் தண்ணீர் விட்டுப் பார்ப்பதைப் பற்றிக்கூடச் சொல்கிறார். எனக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தம் அந்தக் கடிதம். அது அவருடைய ஃபைலில் இருந்ததால் அந்த ஆண்டு சீனியர் ஸ்டோர்கீப்பர் வேலை வேறொருவருக்குப் போனது. நான் மேலாளரிடம் கேட்டேன். எந்தக் காரியத்துக்காக அவரைக் கண்டித்தீர்களோ, அதைத்தான் இப்போது நம் திரையே செய்யச் சொல்கிறது. கடிதத்தைத் திரும்பப் பெற ஒரு வரி எழுதுங்கள்.

"அப்ப அது ரூல். இப்ப இது ரூல். நடந்தது அப்பதானம்மா" என்றார்.

ஸ்டோர்கீப்பர் என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒருமுறை நானே பேச்சை எடுத்தபோது, "அது கெடக்கட்டும் மேடம், அளவு வெச்சுத் தேடுறது எப்ப வரும்?" என்று கேட்டார். அது நான் திருத்தாமல் விட்ட இரண்டில் ஒன்று.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மீதமுள்ள வேலைகளின் பட்டியலைத் தட்டச்சு செய்து மேலாளர் மேசையில் வைக்கிறேன். முடிந்ததை அவர் அடிப்பார், முடியாதது அடுத்த பட்டியலுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் கடைசி எண்ணாக, 'முதல் கவுண்டர் எச்சரிக்கைக் கடிதம், திரும்பப் பெறுதல்' என்று எழுதுகிறேன். அவர் அந்த வரியைத் தொடுவதில்லை. அடிப்பதும் இல்லை. போன வெள்ளிக்கிழமை வைத்ததிலும் அது இருந்தது.